மலைக்கு ஏணி எங்கே?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்குகிறது ஏற்றம். ஒன்று, இரண்டு, மூன்று என வளைவுகளை எண்ணத் தொடங்கியவர்கள், முப்பதைத் தாண்டுமுன் எண்ணிக்கையை மறந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! பேருந்து பெருமூச்சு விடுகிறது, ஆனாலும் ஏறிவிடுகிறது. மின்கம்பி ஏறிவிட்டது. கைப்பேசிக் கோபுரம் ஏறிவிட்டது. மரவள்ளிக் கிழங்கை வாரிச் செல்ல லாரி ஏறுகிறது. தேர்தல் வந்தால் வாக்கு எந்திரம் தவறாமல் ஏறுகிறது. அதன் பின்னால் நாமும் ஏறுகிறோம்.

ஆனால், மேடைதோறும் முழங்குகிறோமே, தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழி போதும் என்று! அந்த இரண்டாவது மொழி, கொல்லிமலை ஏறிற்றா?

இந்தக் கேள்வி நம் உள்ளத்தில் தானாக உதித்ததல்ல. பைல் நாட்டில், ஓர் உழவர் நம்மைப் பார்த்துக் கேட்டார். கேட்டது அவர், தலைகுனிந்தது நாம்.

பைல் நாடு, கொல்லிமலையிலே உள்ள நாடுகளில் ஒன்று. வள்ளல் ஓரியின் மலை என்று சங்கப் புலவர்கள் போற்றிய மலை அது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. சாமையும் கேழ்வரகும், மிளகும் காப்பியும், அன்னாசியும் பலாவும் விளையும் மலை. அங்கு வாழும் மக்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! மலையிலே வாழ்பவர், மலையை ஆள்பவர் என்ற பொருளிலே வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ், மலைக்கே உரிய சொல்லும் ஓசையும் கொண்ட தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடியினரிலே எண்ணிக்கையில் பெரியவர்கள் அவர்கள்தாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர்.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கூறுகிறது. அன்று தமிழ்நாட்டிலே எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் நூற்றுக்கு 54 பேர். எண்பது எங்கே, ஐம்பத்து நான்கு எங்கே! இடையிலே கிடக்கும் அந்தப் பள்ளம், எழுபது வளைவுகளைவிட ஆழமானது.

இனி அந்த உழவரின் கதைக்கு வருவோம்.

மாலை நேரம். கூட்டம் முடிந்தது. மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு திண்ணையில் அமர்ந்து கேழ்வரகுக் களி உண்டுகொண்டிருந்தோம். மரவள்ளி பயிரிடும் தோழர் ஒருவர், தம் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். ஆறாம் வகுப்புச் சிறுமி. கையிலே ஆங்கிலப் பாடநூலும் ஏடும். "தம்பி, புள்ளை இங்கிலீசு படிக்கிறதைக் கேளுங்க" என்றார், பூரிப்போடு.

சிறுமி படித்தாள். தங்குதடையின்றிப் படித்தாள். ஏட்டைப் புரட்டினோம், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மகிழ்ந்தோம். "படித்தாயே, அது என்ன கதை, அம்மா?" என்று கேட்டோம். சிறுமி தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் நம்மைப் பார்த்தார். ஒரு சொல் வரவில்லை. ஒரு பக்கம் முழுவதும் படித்த அந்தப் பிள்ளைக்கு, அந்தப் பக்கத்திலே என்ன இருக்கிறது என்பது தெரியாது!

அப்போதுதான் அந்த உழவர் கேட்டார்: "எங்கம்மாவுக்கு ஆசுபத்திரியில மாத்திரை கொடுத்தாங்க தம்பி. அட்டையில இங்கிலீசுல எழுதியிருக்கு. இதைப் படின்னு புள்ளைகிட்டக் கொடுத்தேன். படிச்சுது. என்னன்னு கேட்டேன். தெரியலப்பான்னு அழுதுடுச்சு. ஆறு வருசமாப் படிக்குதே தம்பி, படிக்கத் தெரியுது, புரிய மாட்டேங்குதே, ஏன்?"

ஏன்? களி தொண்டையிலே நின்றது.

அந்தப் பள்ளியின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. குற்றம் அந்தப் பள்ளியின்மேல் இல்லை; அங்கு பாடுபடும் ஆசிரியர்மேலும் இல்லை. மறுநாள் காலை அந்த ஆசிரியரையே கண்டோம். அவர் குறை கூறவில்லை, கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைத் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை என்ன கூறுகிறது? தொடக்கப் பள்ளியிலே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். நகரத்திலே இது நியாயமாகத் தோன்றும். மலையிலோ, ஊர்கள் சிறியவை. ஆகவே பள்ளிகள் சிறியவை. பிள்ளைகள் முப்பது பேராயினும் வகுப்புகள் ஐந்து. ஐந்து வகுப்புக்கு ஆசிரியர் இருவர். ஒருவர் பயிற்சிக்குச் சென்றாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, ஐந்து வகுப்புக்கு ஒருவர். ஒரு வகுப்போடு அவர் வாய்திறந்து பேசும் நேரத்தில் மற்ற நான்கு வகுப்புகள் என்ன செய்யும்? எழுதும். பலகையிலே உள்ளதைப் பார்த்து எழுதும். நூலிலே உள்ளதைப் பார்த்து எழுதும். எழுதி முடித்ததை மறுபடியும் எழுதும்.

இப்போது புரிகிறதா தோழர்களே, கையெழுத்து ஏன் முத்து முத்தாக இருந்தது என்பது?

மொழி, பார்த்து எழுதுவதால் வருவதல்ல. கேட்டுப் பேசுவதால் வருவது. தாய் தன் குழந்தைக்குச் சொல்வது ஆயிரம், குழந்தை திருப்பிச் சொல்வது ஒன்று. அந்த ஆயிரம் இல்லாமல் இந்த ஒன்று பிறக்காது. நகரத்துப் பிள்ளை தெருவிலே ஆங்கிலச் சொல் கேட்கிறது. கடைப் பலகையிலே காண்கிறது. அண்டை வீட்டில் கேட்கிறது. மலைப் பிள்ளைக்கு, ஆங்கிலம் காதில் விழும் இடம் வகுப்பறை ஒன்றுதான். அந்த வகுப்பறையிலும் வாயில்லை, காதில்லை, கை மட்டுமே உண்டு என்றால், அந்தப் பிள்ளை எங்கே போய் மொழியைப் பெறும்?

இன்னொன்றையும் அந்த ஆசிரியர் கூறினார். மலைப் பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாவது படியல்ல, மூன்றாவது படி. வீட்டிலே மலைத்தமிழ். பள்ளியிலே நூல்தமிழ். அதற்கு மேலே ஆங்கிலம். சமவெளிப் பிள்ளைக்கே பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் இடையே ஒரு தாண்டல் உண்டு. மலைப் பிள்ளைக்கு அது பெருந்தாண்டல். அந்தத் தாண்டலிலேயே தடுமாறும் பிள்ளையின் தலையில், அதே ஆண்டில் ஆங்கிலத்தையும் ஏற்றுகிறோம். முதற்படியை முழுங்காலால் ஏறும் குழந்தையை, மூன்றாம் படியில் நின்று முறைக்கிறோம்!

இதற்கு மருந்து என்ன? மூன்று வைத்தியர்கள் மூன்று மருந்துகளோடு வருகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வைத்தியர் கூறுவார்: "எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே நடத்திவிடுங்கள், தானாக வந்துவிடும்." 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலே ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன, அடுத்த ஆண்டு விரிவடைந்தன. பெற்றோர் விரும்புகிறார்கள் என்றார்கள். உண்மைதான், விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். மலையடிவாரத்திலே, இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும், கட்டணம் கட்டினால் ஆங்கிலம் கிடைக்கும் பள்ளிகள் மாளிகை மாளிகையாக நிற்கின்றன. அதைப் பார்த்துவிட்டு மலையேறும் தகப்பன், தன் பிள்ளைக்கும் அது வேண்டும் என்று எண்ணினால், அது தவறா? இல்லை, அது தன்மானம்.

ஆனால், ஆங்கில வழி என்று பெயர்ப்பலகை மாட்டுவதும் ஆங்கிலம் கற்பிப்பதும் ஒன்றா? ஆங்கிலம் அறியாத குழந்தைக்குக் கணக்கையும் ஆங்கிலத்தில் சொன்னால், ஆங்கிலமும் வராது, கணக்கும் போகும். கனடா நாட்டுக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், 1979 முதல் எழுதிவந்த உண்மை ஒன்று உண்டு. புதிய மொழியில் விளையாட்டுப் பேச்சு இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். பாடநூலைப் புரிந்துகொள்ளும் மொழியோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கேட்கும். தெருவெல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே இந்தக் கணக்கு! பைல் நாட்டிலே எத்தனை ஆண்டு ஆகும்? படிக்கும் திறமை ஒரு முறைதான் பிறக்கிறது. புரிகின்ற மொழியிலே பிறந்துவிட்டால், அது அடுத்த மொழிக்கும் கூடவே வரும். புரியாத மொழியிலே பிறக்க வைத்தால், எழுத்துக் கூட்டும் வித்தை மட்டும் வரும், அர்த்தம் வராது. அந்தச் சிறுமியைக் கண்ணால் கண்டோமே!

பெற்றோருக்குச் சொல்லப்படாத செய்தி ஒன்றும் உண்டு. தமிழ்வழியிலே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்ட பின், முதல் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. முதல் வகுப்பிலே வழியை மாற்றும் தகப்பன், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் உரிமையை அன்றே கைவிடுகிறார். தெரிந்து விட்டால், அது அவர் விருப்பம். தெரியாமல் விட்டால், அது நாம் செய்த துரோகம்.

இரண்டாம் வைத்தியர் வருகிறார்: "மலையிலே மரவள்ளி பயிரிடப் போகிறவனுக்கு ஆங்கிலம் எதற்கு? உள்ள தொழிலைக் கற்கட்டும்." அடடா! எங்கேயோ கேட்ட குரல்! 1953இல், பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் பரம்பரைத் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததே; குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்து, 1954இல் குழிதோண்டிப் புதைத்ததே; அந்தக் குழியிலிருந்து எழுந்து வரும் குரல் இது. மரவள்ளி பயிரிடுபவனுக்கு ஆங்கிலம் வேண்டாமா? கிழங்கை எடுக்கும் ஆலைக்காரன் கொடுக்கும் சீட்டு எந்த மொழியில்? பூச்சிமருந்துப் புட்டியில் எச்சரிக்கை எந்த மொழியில்? வங்கிக் கடன் பத்திரம் எந்த மொழியில்? காட்டுரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் ஒரு மனு மறுக்கப்பட்டு நீதிமன்றம் போனால், வழக்குக் கட்டு எந்த மொழியில்? ஆங்கிலம் தெரியாதவன் ஏமாற்றப்படுகிறான். ஏமாற்றுபவன் வந்து ஆங்கிலம் வேண்டாம் என்கிறான்!

மூன்றாம் வைத்தியர் டில்லியிலிருந்து வருகிறார். அவர் மருந்து வேடிக்கையானது: இரண்டு மொழி ஏறவில்லையா, மூன்றாகக் கொடுங்கள் என்கிறார்! ஒரு பானை சோறு வேகவில்லை என்றால், அதே அடுப்பில் இன்னொரு பானையும் வை என்பதா சமையல்? 1938இல் கட்டாய இந்தி வந்தபோது, சிறை சென்று 1939இல் மாண்டார்கள் நடராசனும் தாளமுத்துவும். 1965இல் மாணவர் சிந்திய இரத்தம் நாடறியும். 1968 சனவரி 23இல், அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு, மும்மொழித் திட்டத்தை நீக்கி, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025இல் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதி செய்தது. அந்த உறுதிக்கு விலை என்ன? டில்லியின் கல்வித் திட்டங்களை ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பங்குத் தொகை 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தியது யாருடைய பணத்தை? நம் வரிப்பணத்தை. தண்டித்தது யாரை? பலகையைப் பார்த்து எழுதும் அந்தச் சிறுமியை!

பழங்குடிப் பிள்ளைகளுக்கென டில்லி நடத்தும் ஏகலைவா உறைவிடப் பள்ளிகளுக்கு, 2023இல் நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு வைத்து ஆசிரியர் எடுத்தார்கள். அந்தத் தேர்விலே இந்தி அறிவும் சோதிக்கப்பட்டது. இந்தி பேசும் மாநிலத்தவர் பலர் தென்னாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டு, மொழி புரியாமல் மாறுதல் கேட்பதாக 2024இல் செய்தி வந்தது. பிள்ளைக்கு ஆசிரியர் மொழி புரியாது. ஆசிரியருக்குப் பிள்ளை மொழி புரியாது. பெயர் மட்டும் ஏகலைவன்! கட்டைவிரலை அன்று கேட்டார்கள்; இன்று நாக்கையே கேட்கிறார்களோ?

மூன்று மருந்தும் ஆகாது. சரி, நம் மருந்து என்ன? மாற்றாரைச் சாடிவிட்டு மாலையோடு இறங்கிவிடுவது எளிது. ஆனால் உழவர் கேட்டது டில்லியைப் பார்த்தல்ல, நம்மைப் பார்த்து. இருமொழிக் கொள்கை நம் கொள்கை. உலகத்துக்குச் செல்ல ஆங்கிலம் ஏணி என்று சொன்னவர்கள் நாம். ஏணி என்று சொன்னவன், ஏணியைக் கொண்டுவந்து சாத்த வேண்டாமா? 1968 தீர்மானம் எந்த மொழி வேண்டும் என்று கூறியது. மலைப் பிள்ளைக்கு அதை எப்படிக் கொடுப்பது என்ற தீர்மானத்தை யார் எழுதுவது? அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

இந்த இடத்திலே கடல் கடந்து ஒரு கதை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலே, சான் பிரான்சிஸ்கோ நகரம். சீனத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் தெரியாமலே ஆங்கிலப் பள்ளியில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 1,800 பிள்ளைகளுக்குத் தனி மொழியுதவி எதுவும் கிடைக்கவில்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பள்ளி நிர்வாகம் என்ன பதில் சொல்லிற்று? எல்லோருக்கும் ஒரே கட்டடம், ஒரே நூல், ஒரே ஆசிரியர். இதில் வேற்றுமை எங்கே என்றது. 1974 சனவரி 21இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், லாவ் வழக்கிலே தீர்ப்பளித்தது: மொழி தெரியாத பிள்ளைக்கு, தெரிந்த பிள்ளைக்குக் கொடுக்கும் அதே நூலைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்பது அதன் சாரம். எவ்வளவு பெரிய உண்மை! கொக்குக்கும் நரிக்கும் ஒரே தட்டில் கஞ்சி ஊற்றிவிட்டு, இருவருக்கும் சமமாகத்தான் ஊற்றினேன் என்று சொல்லும் கதை நம் பாட்டிமாருக்கும் தெரியும்.

1981இல் டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில், மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்துக் கொடுத்தது. பள்ளியின் மொழித் திட்டம், அறிவுக்குப் பொருந்திய கோட்பாட்டின்மேல் நிற்கிறதா? அதை நடத்த ஆளும் பொருளும் உண்மையில் ஒதுக்கப்பட்டனவா? சில காலம் கழித்து, பிள்ளைகள் முன்னேறினார்களா என்று பார்த்தார்களா. முன்னேறவில்லையெனில் திட்டத்தை மாற்றினார்களா? மூன்றே கேள்விகள்! 2025இல் அந்நாட்டுக் கல்வித்துறை, பள்ளிகளுக்குப் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய வழிகாட்டுக் கடிதத்தை விலக்கிக்கொண்டது. கடிதத்தை விலக்கலாம், அந்தக் கேள்விகளை விலக்க முடியுமா? பைல் நாட்டுத் திண்ணையிலும் அவை வந்து நிற்கின்றனவே!

கடல் தாண்டவும் வேண்டாம். ஒடிசா மாநிலம், 2007 வாக்கில், பத்துப் பழங்குடி மொழிகளிலே தொடக்கக் கல்வியைத் தொடங்கி, பின்னர் இருபத்தொரு மொழிகளுக்கு விரித்தது. வீட்டுமொழியில் தொடங்கு, மாநில மொழிக்கு ஏறு, ஆங்கிலத்துக்கு ஏறு என்பது அதன் முறை. படிப்படியான ஏணி! நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றுதான் கூறுகிறது.

நம்மிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலே, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், 2025க்குள் அதை அடைய வேண்டும் என்பது இலக்கு. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. காலை உணவு வந்தது. பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள் முந்நூறுக்கும் மேல் உள்ளன. வித்து நல்ல வித்து. ஆனால் சமவெளிக்கு விதைக்கும் முறையிலேயே மலைக்கும் விதைத்தால் விளையுமா? மலைக்குப் படிக்கட்டு வயல் வேண்டும் என்பது உழவனுக்குத் தெரியும். திட்டம் தீட்டுபவருக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே ஐந்து கோரிக்கைகளை இங்கே வைக்கிறோம். எந்த ஆட்சி இருந்தாலும் இவற்றை வைப்போம். நம் ஆட்சி எனில், இன்னும் உரத்த குரலில் வைப்போம்.

ஒன்று: பள்ளியில் சேரும் நாளிலேயே பிள்ளையின் மொழியைக் கேளுங்கள். வீட்டுப் பேச்சு எது, நூல்தமிழ் எவ்வளவு புரிகிறது, ஆங்கிலம் கேட்டால் புரிகிறதா, பேசுமா, படிக்குமா, எழுதுமா என நான்கையும் தனித்தனியே பாருங்கள். இது தேர்வல்ல, மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது. மலைத்தமிழ் பேசும் பிள்ளையை மந்தப் பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள். அது குறையல்ல, அதுதான் கைம்முதல்.

இரண்டு: முதல் இரண்டு ஆண்டுகள் மலைச் சொல்லிலிருந்து நூல்தமிழுக்குப் பாலம் போடுங்கள். மலைப் பெரியோர்களை அழைத்து, மலைச் சொல்லும் நூல்சொல்லும் அருகருகே நிற்கும் படச் சொல்லேடு ஒன்று தயாரியுங்கள். ஆங்கில எழுத்துக்கும் அதையே செய்யுங்கள். மலைப் பிள்ளை காணாத ஆப்பிளை வைத்து ஏன் முதல் எழுத்து? மலையிலேயே ஆங்கில அரிச்சுவடி விளைகிறதே! 'பி' என்றால் பெப்பர், பைன்ஆப்பிள். 'சி' என்றால் காஃபி. 'ஜே' என்றால் ஜாக்ஃப்ரூட். 'டி' என்றால் டாபியோகா. கையிலே தொட்டதைக் கண்ணிலே காட்டினால், நாவிலே வந்துவிடும்.

மூன்று: நாட்டுக்கு ஒரு மொழியாசிரியர்! பைல் நாட்டுக்கு ஒருவர், வளப்பூர் நாட்டுக்கு ஒருவர் என, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவர். இருக்கும் இரண்டு ஆசிரியர் கணக்கிலே சேர்க்காமல் கூடுதலாக ஒருவர். பள்ளி பள்ளியாகச் சென்று, நாள்தோறும் சிறுசிறு குழுவாக உட்காரவைத்து, பேசவைக்கும் ஆசிரியர். பலகை வேண்டாம், வாய் வேண்டும். அந்த வேலைக்கு, மலையிலேயே பிறந்து படித்துப் பட்டம் பெற்று, இன்று திருப்பூரிலும் ஈரோட்டிலும் கூலிக்கு நிற்கும் இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்துங்கள். அவர்களுக்குக் குடியிருப்புத் தேட வேண்டியதில்லை. மாறுதல் கேட்டு ஓடவும் மாட்டார்கள்.

நான்கு: பாடத்திலிருந்து பிள்ளையைப் பிரிக்காதீர்கள். ஆங்கில உதவி என்ற பெயரால் கணக்கையும் அறிவியலையும் பறிக்க வேண்டாம். அவை புரிகின்ற தமிழிலே நடக்கட்டும். ஆங்கிலத்துக்கு அதற்கெனத் தனி நேரம் இருக்கட்டும். உதவியை ஐந்தாம் வகுப்போடு வெட்டிவிடாமல், உயர்நிலைப் பள்ளி வரை கூட அனுப்புங்கள். ஏழாண்டுப் பயணத்துக்கு இரண்டாண்டுச் சோறு கட்டிக் கொடுத்தால் போதாது.

ஐந்து: ஆண்டுதோறும் அளந்து பார்த்து, பெற்றோருக்குப் புரியும் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி எது, வழியை மாற்றினால் வருவதென்ன, போவதென்ன என்று சொல்லுங்கள். அளந்ததில் முன்னேற்றம் இல்லையென்றால், பிள்ளையை மாற்றாதீர்கள், திட்டத்தை மாற்றுங்கள்.

பணம் எங்கே என்பார்கள். வளைவுச் சாலைக்கு வந்த பணம் வகுப்பறைக்கு வராதா? தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். கொல்லிமலை சேந்தமங்கலத்தைச் சேர்ந்தது. இருவர் குரல், இருநூற்று முப்பத்து நான்கு பேர் அவையிலே எவ்வளவு தூரம் கேட்கும்? ஆகவே மற்ற இருநூற்று முப்பத்திரண்டு தொகுதித் தோழர்களும் அந்தக் குரலோடு குரல் சேர்க்க வேண்டும்.

தோழர்களே! லாரிப் பட்டறையிலே இரும்பு அடிக்கும் தோழரே, போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகச் செல்லும் தோழரே, தறியோட்டும் தோழரே! மொழி தெரியாத ஊரிலே நின்று, காவலர் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட அனுபவம் உங்களுக்கு உண்டு. அந்த நொடியிலே நெஞ்சு எப்படிக் கூசிற்று என்பதை நீங்கள் மறக்கவில்லை. அந்தக் கூச்சம்தான், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுத சிறுமியின் கண்ணிலே இருந்தது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழு உங்கள் குழு. அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் எந்த முறையில் சொல்லித் தருகிறீர்கள்? அதற்கு ஆளும் நேரமும் எங்கே? சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு பிள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது? ஆசிரியரை மிரட்டக் கேளாதீர்கள். அவருக்குத் துணையாக நின்று கேளுங்கள். விடை இல்லையெனில், அந்த இல்லை என்பதையே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்புங்கள்.

அந்த உழவருக்கு அன்று நாம் விடை கூறவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்கிறோம் என்று கூறிவிட்டு, எழுபது வளைவுகளும் இறங்கி வந்தோம். இறங்கும் வழியெல்லாம், இந்தி எதிர்ப்புப் பாடல்களைப் பாடிக்கொண்டு வந்தனர் உடன் வந்த தோழர்கள். நம்மால் சேர்ந்து பாட முடியவில்லை.

ஆதிக்க மொழியைத் தடுத்த இயக்கம் இது. தடுத்ததோடு பணி முடியவில்லை. வேண்டாத மொழியை வாசலில் நிறுத்தினோம், சரி. வேண்டிய மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் பணி மிச்சம் இருக்கிறது. பைல் நாட்டுச் சிறுமி, தன் பாட்டியின் மாத்திரை அட்டையைப் படித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பாட்டி, சாப்பிட்ட பிறகு" என்று தன் மலைத்தமிழிலே எடுத்துச் சொல்லும் நாள் எதுவோ, அந்த நாள்தான் இருமொழிக் கொள்கை கொல்லிமலை ஏறிய நாள்.

அடுத்த முறை மலை ஏறும்போது, மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஏணியோடு ஏறுவோம்!